சுட்டியனுக்கு என்ன ஆச்சு?

கருவாயனும் சுட்டியனும் ஒரே கிடையில் காவல் காத்த நாய்கள். கிடை என்றால் தெரியுமில்லையா? அறுவடை முடிந்த வயலில் படல்களை வட்டமாக நட்டு, இரவில் ஆடுகளை அதற்குள் அடைத்து வைப்பார்கள். ஆட்டுப் புழுக்கை வயலுக்கு உரமாகும். பகலில் ஆடுகள் பக்கத்துக் காட்டில் மேயும், காட்டோரக் குட்டையில் தண்ணீர் குடிக்கும். ஒரு வயல் முடிந்தால் கிடை அடுத்த வயலுக்கு நகரும்.

கருவாயன் மூத்தவன். வெகுகாலம் அங்கே அவன் ஒருவன்தான் காவல். கிடை வாசலில் படுப்பவன் அவன். மந்தைக்குத் தலைவரான கீதாரி சங்கையா சாயங்காலம் கேப்பைக் களி கிண்டினால், முதல் உருண்டை அவனுக்குத்தான்.

அப்புறம் எங்கிருந்தோ சுட்டியன் வந்து சேர்ந்தான். நெற்றியில் வெள்ளைச் சுட்டி. துறுதுறுவென்று ஒரு நடை. வந்த கொஞ்ச நாளிலேயே நரி கவ்விக்கொண்டு போன ஆட்டுக்குட்டி ஒன்றைத் துரத்திப் போய் மீட்டு வந்தான். கீதாரிக்குத் தலைகால் புரியவில்லை. வாசல் சுட்டியனுக்குப் போனது. முதல் உருண்டையும் போனது. கருவாயனைப் பின்பக்கம் முள்வேலி ஓரமாகப் படுக்கச் சொல்லிவிட்டார்.

கருவாயனுக்கு வயிறு எரிந்தது. "எத்தனை வருஷம் தூங்காம காத்தேன்! நேத்து வந்த பயலுக்கு வாசலா?" என்று முள்வேலியைப் பார்த்துப் புலம்புவான். களி உருண்டை சுட்டியன் வாயில் விழுகிற சத்தம் கேட்டால் காதை மடக்கிக்கொள்வான். சுட்டியனோ இது எதுவும் தெரியாமல், "அண்ணே, அண்ணே" என்று வாலாட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே வருவான். அது இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் நாலு திட்டு திட்டியாவது ஆற்றிக்கொள்ளலாம். நல்லவனாக இருந்து தொலைக்கிறவனை என்ன செய்வது?

ஒருநாள் மத்தியானம் குட்டைக்கரையில் சுட்டியனுக்கு ஒரு பழைய எலும்பு கிடைத்தது. காட்டுப்பன்றி எலும்போ என்னவோ. ஆசையாகக் கடித்தான். எலும்பு படாரென்று பிளந்தது. ஒரு சில்லு போய் மேல்வாய்க்குக் குறுக்கே, இந்தக் கடைவாய்க்கும் அந்தக் கடைவாய்க்கும் நடுவில் இறுகி உட்கார்ந்துகொண்டது.

எதிரே படுத்திருந்த கருவாயன் எல்லாவற்றையும் பார்த்தான். "அடப் பாவமே" என்று எழுந்தும்விட்டான். உள்ளதைச் சொல்ல வேண்டும், முதலில் அவனுக்கு இரக்கம்தான் வந்தது. அந்த நேரம் பார்த்துத் தூரத்திலிருந்து கீதாரியின் குரல் கேட்டது.

"ஏலே சுட்டியா! என் ராசா, எங்கலே போனே?"

என் ராசாவாம்! கருவாயனை அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எழுந்தவன் மறுபடியும் படுத்துக்கொண்டான். வாயையும் மூடிக்கொண்டான்.

சுட்டியன் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அவனால் வாயை மூட முடியவில்லை. பேசவும் முடியவில்லை. "ஆ... ஆ..." என்றுதான் சத்தம் வந்தது. எச்சில் நூல்நூலாக ஒழுகியது. முன்னங்காலால் வாயைப் பிராண்டினான். முகத்தைத் தரையில் போட்டுத் தேய்த்தான். வலி தாங்காமல் சுற்றிச் சுற்றி ஓடினான். பிறகு ஒரு புதருக்குள் போய் ஒடுங்கிக்கொண்டான். அவன் நரியிடமிருந்து மீட்ட குட்டி, வழக்கம்போல அவன் முதுகில் ஏறி விளையாட வந்தது. வலியில் "உர்ர்" என்று உறுமிவிட்டான். குட்டி அலறிக்கொண்டு தாயிடம் ஓடியது. அதன் தாய்க்குக் காது மூளி. அதனால் அவளை மூளிக்காதி என்பார்கள்.

உடனே மந்தை கூடிவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கீதாரி சங்கையா தன் கண்ணைவிட ஆட்டை நம்புகிறவர். மந்தைக்கு முன்னால் நடக்கும் தலைக்கிடா எந்த நாயைக் கண்டு ஒதுங்குகிறதோ, அந்த நாய்க்கு வெறி பிடித்துவிட்டது என்பது அவர் முடிவு. கிடா ஒதுங்கினால் இவர் கம்பை எடுப்பார். அதற்குப் பிறகு அந்த நாய் இருக்காது. ஆக, சுட்டியன் பிழைப்பதும் சாவதும் இப்போது தலைக்கிடா கையில் இருந்தது.

"காலையில வரைக்கும் நல்லா இருந்த பையன். திடீர்னு என்ன ஆச்சு இவனுக்கு?" என்றது தலைக்கிடா.

படல் சுமக்கும் பொதிக்கழுதை முன்னால் வந்தது. "பல்வலியா இருக்கும்ப்பா. எனக்கு ஒரு தடவை பல்லு வலிச்சப்ப நானும் இப்படித்தான் சுத்திச் சுத்தி வந்தேன். மரத்துல போய் முட்டினேன்."

கருவாயன் சிரித்தான். "உன்னது கிழட்டுப் பல்லு, வலிக்கும். அவன் பல்லு பாறையைக் கடிக்கும். அதுக்கு என்ன வலி?"

கீதாரியின் அடைக்கோழி கூடையிலிருந்து தலையை நீட்டியது. "தேரையைக் கவ்வியிருப்பான். தேரை வாயில பட்டா நுரை தள்ளும்னு எங்க ஆத்தா சொல்லும்."

"மழையே பெய்யலை, தேரை எங்கே வந்துச்சு?" என்றான் கருவாயன்.

"குட்டையில கிடக்குதே?"

"அது தவளை. தவளைக்கும் தேரைக்கும் வித்தியாசம் தெரியாது, வைத்தியம் சொல்ல வந்துட்டே. போய் அடைகாக்கிற வேலையைப் பாரு."

கோழி தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. மூளிக்காதி மட்டும் விடவில்லை. "காதுல உண்ணி ஏறினாலும் இப்படித்தான் தலையை உதறுவாங்க. எதையாவது கண்டு பயந்திருந்தாலும் இப்படி ஒடுங்குவாங்க. நாம பாட்டுக்குத் தூர நின்னு பேசினா என்ன தெரியும்? நான் கிட்டப் போய்ப் பார்க்கிறேன்."

கருவாயனுக்குத் திக்கென்றது. கிட்டப் போனால் திறந்த வாய் தெரியும். வாய் தெரிந்தால் எலும்பும் தெரியும்.

"போகாதே அக்கா!" என்று குறுக்கே பாய்ந்தான். "அது வெறி. நான் நாய், எனக்குத் தெரியாதா? வெறிநாய் எச்சில் பட்டாலே பட்டவங்களுக்கும் வெறி. கடிபட்டா கேட்கவே வேண்டாம், கடிபட்டவங்களையும் சேர்த்துத்தான் முடிக்கணும். உனக்குப் பச்சைக்குட்டி இருக்கு, யோசிச்சுக்கோ."

மூளிக்காதி குட்டியைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"தண்ணியைக் காட்டிப் பார்ப்போம்" என்றது தலைக்கிடா. "வெறின்னா தண்ணியைக் கண்டா மிரளும்னு சொல்வாங்க. சுட்டியா, குட்டைக்கு வா."

சுட்டியனுக்கு நாக்கு வறண்டு கிடந்தது. சந்தோஷமாக ஓடி வந்தான். குனிந்து நாக்கை நீட்டினான். நாக்கை மடக்கித் தண்ணீரை அள்ளப் போனபோது எலும்புச் சில்லு அண்ணத்தில் குத்தியது. உயிரே போகிற வலி. கத்திக்கொண்டு பின்னால் துள்ளி விழுந்து, மறுபடியும் புதருக்குள் ஓடி ஒடுங்கிக்கொண்டான்.

"பார்த்தீங்களா? கண்ணால பார்த்தீங்களா?" என்றான் கருவாயன்.

வாய் வலிக்கிற எந்த நாய்தான் தண்ணீரைக் கண்டு மிரளாது? அந்த மந்தையில் ஒரு தலைக்கும் இது தோன்றவில்லை. ஆடுகளைச் சொல்லி என்ன பிரயோசனம், நமக்கு மட்டும் தோன்றியிருக்குமா?

மூளிக்காதி அழுதாள். "என் குட்டியை நரி வாயிலேர்ந்து பிடுங்கிட்டு வந்த பிள்ளைண்ணே அவன். இன்னிக்கு ஒருநாள் பொறுத்துப் பாருங்க. விடிஞ்சதும் சரியாயிட்டா?"

தலைக்கிடாவுக்கும் மனசு கேட்கவில்லை. "சரி. நாளைக் காலையில முடிவு பண்ணுவோம்" என்றது.

கருவாயனுக்கு நிலைகொள்ளவில்லை. நாளைக்குள் அந்தச் சில்லு தானாகக் கழன்று விழுந்துவிட்டால்? சுட்டியன் வாய் திறந்து பேசிவிட்டால்? வாசலும் போச்சு, மானமும் போச்சு. நைசாக வேலிப்பக்கம் நழுவினான். முன்னங்காலை முள்ளில் அழுத்தி இழுத்தான். ரத்தம் வந்தது. போதவில்லை என்று இன்னொரு தடவை இழுத்தான். அடுத்தவனைக் கெடுக்க வேண்டும் என்று இறங்கிவிட்டால் சொந்த வலிகூடத் தெரியாது போலிருக்கிறது. நொண்டிக்கொண்டே மந்தையைப் பார்த்து ஓடி வந்தான்.

"கடிச்சுட்டான் கிடா மாமா! 'என்னடா தம்பி பண்ணுது'ன்னு ஆதரவாத்தான் கேட்டேன். பாய்ஞ்சு கடிச்சுட்டான்!"

புதருக்குள் இருந்த சுட்டியன் இதைக் கேட்டான். இல்லை, இல்லை என்று சொல்லப் பார்த்தான். "ஆ... ஆ..." என்றுதான் வந்தது. தலையை வேகமாக ஆட்டினான். எச்சில் நாலாபக்கமும் தெறித்தது. அதைப் பார்த்து ஆடுகள் இன்னும் அரண்டுபோயின. பாவம், அவன் மறுத்ததுகூட அவனுக்கு எதிராகவே முடிந்தது.

தலைக்கிடா பெருமூச்சு விட்டது. "இனிமே யோசிக்க ஒண்ணும் இல்லை. எல்லாரும் ஒதுங்குங்க."

மந்தை முழுக்கச் சுட்டியனுக்கு முதுகைக் காட்டி விலகியது. கருவாயனுக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருந்தது. இனி வாசல் அவனுக்குத்தான். களி உருண்டையும் அவனுக்குத்தான். மந்தையோடு சேர்ந்து நிற்கலாம் என்று நாலு எட்டு வைத்தான். ஆடுகள் சிதறி விலகின. இந்தப் பக்கம் போனான். அந்தப் பக்கம் விலகின.

"என்ன மாமா இது? என்னைக் கண்டு எதுக்கு ஒதுங்குறாங்க?"

"நீ கடிபட்டவன் ஆச்சே" என்றது தலைக்கிடா.

"அதுக்கு?"

"அதுக்கா? கடிபட்டவங்களையும் சேர்த்துத்தான் முடிக்கணும்னு நீதானேப்பா சொன்னே. உன் மேல தப்பு இல்லை கருவாயா. பாவம், ஆதரவாக் கேட்கப் போனே. ஆனா எனக்குக் குட்டிகுளுவான் நிறைய இருக்கு."

கருவாயன் திரும்பிப் பார்த்தான். மரத்தடியில் உட்கார்ந்திருந்த கீதாரி எழுந்து நிற்பது தெரிந்தது. அவர் கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார். "ஆடு ரெண்டு நாயையும் கண்டு ஒதுங்குதுப்பா. ரெண்டுக்கும் வெறிதான்" என்று தன் ஆட்களிடம் சொன்னார். கம்புகளை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். 'என் ராசா' என்று கூப்பிட்டவர்தான் அவர். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் நடையை நிறுத்தவில்லை.

"மாமா, அது வெறி இல்லை!" கருவாயன் அலறினான். "எலும்பு! அவன் வாயில எலும்பு சிக்கியிருக்கு!"

"இப்ப வந்து சொல்றியே?"

"நான் பார்த்தேன் மாமா. சிக்கினப்பவே பார்த்தேன்."

"அப்புறம் இந்தக் காயம்?"

"அவன் கடிக்கலை. நானே முள்ளுல கிழிச்சுக்கிட்டேன்."

கழுதை காதை ஆட்டியது. "உசிருக்குப் பயந்து கதை விடுறான். எந்த முட்டாளாவது தன் காலைத் தானே கிழிச்சுக்குவானா?"

நியாயமான கேள்விதான். கம்புகள் வயலின் பாதியைத் தாண்டிவிட்டன.

தலைக்கிடா அவனை உற்றுப் பார்த்தது. "எலும்புதான்னா நீயே போய் எடு. வெறிநாய் வாய்க்குள்ள தெரிஞ்சே வாயை விட எந்த நாயும் துணியாது. நீ துணிஞ்சா நாங்க நம்புறோம்."

கருவாயன் புதரைப் பார்த்துத் திரும்பினான். ஓர் எட்டு வைத்து நின்றுவிட்டான். வெறிக்கு அவன் பயப்படவில்லை, அது இல்லை என்று அவனுக்குத்தான் தெரியுமே. அவன் பயந்தது சுட்டியனுக்கு. சுட்டியன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தான். அந்த வாய்க்குள் மூஞ்சியை விட்டால், ஒரே கடியில் கணக்கைத் தீர்த்துவிட மாட்டானா? அவன் இடத்தில் கருவாயன் இருந்தால் அதைத்தான் செய்திருப்பான்.

சுட்டியன் புதரை விட்டு வெளியே வந்தான். கருவாயனின் முகத்தைப் பார்த்தான். பிறகு தரையில் படுத்து, தலையைச் சாய்த்து, வாயை முடிந்த மட்டும் அகலமாகத் திறந்து கொடுத்தான்.

கருவாயன் கண்ணை இறுக்கிக்கொண்டு மூஞ்சியை உள்ளே விட்டான். எச்சிலும் ரத்தமும் அவன் முகமெல்லாம் அப்பியது. பல்லால் சில்லைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. சுட்டியனின் உடம்பு வலியில் துள்ளியது. ஆனால் தாடை அசையவில்லை. மறுபடியும் இழுத்தான். பொட்டென்று ஒரு சத்தம். எலும்புச் சில்லு மண்ணில் வந்து விழுந்தது.

சுட்டியன் நேரே குட்டைக்கு ஓடி, தலையை உள்ளே விட்டு மடக் மடக்கென்று குடித்தான். மூளிக்காதியின் குட்டி அவன் வாலைப் பிடித்து இழுத்தது. தலைக்கிடா போய் அவன் பக்கத்தில் உரசிக்கொண்டு நின்றது.

கீதாரி வந்து சேர்ந்தபோது பார்த்தது இதைத்தான். "அட, தண்ணி குடிக்கிறானே! கிடாவும் பக்கத்துல நிக்குதே! என் ராசாவுக்கு ஒண்ணும் இல்லைப்பா" என்று கம்பைத் தாழ்த்தினார்.

அப்புறம் அவர் பார்வை கருவாயன் மேல் விழுந்தது. காலில் ரத்தம். மூஞ்சி முழுக்க நுரை. சுற்றிலும் ஒரு ஆடு இல்லை. தாழ்த்திய கம்பு மறுபடியும் மேலே போனது.

ஆட்டின் பேச்சு, நாயின் பேச்சு எதுவும் மனுஷனுக்குப் புரியாதே! கருவாயன் வாலைச் சுருட்டிக்கொண்டு தலைக்கிடாவைப் பார்த்தான். "மாமா, பக்கத்துல வந்து நில்லு மாமா."

தலைக்கிடா முகத்தைத் திருப்பிக்கொண்டது. "இப்ப பயத்துல ஒதுங்கலைப்பா. அருவருப்பா இருக்கு, அதான் ஒதுங்குறேன்."

மூளிக்காதி குட்டியை இழுத்துக்கொண்டு இன்னும் தள்ளிப் போனாள். கழுதை வேறு எங்கோ பார்த்தது. கீதாரியின் ஆட்கள் இரண்டு பக்கமும் வளைத்துக்கொண்டார்கள். கருவாயன் அப்படியே தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டான்.

சுட்டியன் குட்டையிலிருந்து தலையைத் தூக்கினான். இன்னும் தாகம் தீரவில்லை. கம்பைப் பார்த்தான், கருவாயனைப் பார்த்தான். ஈரம் சொட்டச் சொட்ட ஓடி வந்து கம்புக்கும் கருவாயனுக்கும் குறுக்கே நின்றான். கருவாயனின் முகத்தில் இருந்த நுரையை நக்கினான். காலில் இருந்த ரத்தத்தை நக்கினான். பிறகு தோளால் முட்டி முட்டி அவனைக் குட்டைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"குடி அண்ணே" என்றான். குரல் கரகரத்தது. "அவர் பார்க்கிற மாதிரி குடி."

கருவாயன் குடித்தான். கம்பையே பார்த்துக்கொண்டு, வயிறு உப்பும் வரை குடித்தான்.

"சரிதான், ரெண்டும் சண்டை போட்டிருக்குங்க போல. கழுதைங்க, வயித்துல புளியைக் கரைச்சுட்டுதுங்க" என்று கீதாரி கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

கருவாயனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. "ஏன்டா என்னைக் காப்பாத்தினே? நான் உன்னைச் சாகடிக்கப் பார்த்தேனேடா" என்றான்.

"தெரியும்" என்றான் சுட்டியன். "கோபம் இல்லைன்னு சொல்ல மாட்டேன், நிறைய இருக்கு. ஆனா செய்யாத தப்புக்கு நம்ம மேல கம்பு ஓங்கினா எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் பார்த்தேன். உனக்கு வெறி இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் சும்மா நின்னா, அப்புறம் நானும் நீயும் ஒண்ணுதானே?"

அன்று சாயங்காலம் முதல் உருண்டை சுட்டியனுக்கு விழுந்தது. அதைக் கேட்டுக் கருவாயனுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. ஒரே நாளில் அது அணைந்துவிடும் என்று நான் சொன்னால் நீங்கள்தான் நம்புவீர்களா? ஆனால் இந்தத் தடவை அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, முள்வேலிப் பக்கம் போய்த் தன் காவலைப் பார்த்தான்.

பொறாமையால் அடுத்தவன் மேல் பொய்ப்பழி போடுகிறவன், அதே பழி தன் மேல் விழும்போது அந்தப் பழியைச் சுமந்தவனை விட்டால் தனக்காகப் பேச ஒருவரும் இல்லாமல் நிற்பான்.